எல்லை தாண்டி ஒரு மிடறு

வாயில் ஊற்றிக் கொள்கிறார்கள். நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றுகிறார்கள். பிறகு பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் துப்பி விடுகிறார்கள். இதற்குக் காசும் கொடுக்கிறார்கள்!

வேப்பனப்பள்ளி டீக்கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னால், சொல்பவனைத்தான் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். காசு கொடுத்து வாங்கிய சரக்கைத் துப்புகிற மனிதனை அந்தப் பக்கத்தில் யார் கண்டது? ஆனால் எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் நந்தி மலை அடிவாரத்திலே, ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்த வேடிக்கை நடக்கிறது. 'ஒயின் டேஸ்டிங்' என்று அதற்குப் பெயர். திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஆலையைக் காட்டுகிறார்கள். கடைசியில் மேஜை போட்டு உட்கார வைத்து, நாலைந்து தினுசு ஒயினை ஆளுக்கு ஒரு மிடறு ஊற்றி ருசி பார்க்கச் சொல்கிறார்கள். பெங்களூர்க்காரர்களுக்குப் பழகிப் போன பொழுதுபோக்கு. ஓசூர் வட்டாரத்து இளைஞர்களும் கூட்டாளிகளோடு கார் பிடித்துப் போய் வருகிறார்கள்.

குடிக்கப் போவதற்கு இத்தனை சடங்கா என்று பெரியவர்கள் சீறலாம். படித்தவன் குடித்தால் கலை, படிக்காதவன் குடித்தால் கலாட்டாவா என்று கேட்கிறவர்களும் உண்டு. இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் அந்தத் துப்பும் பாத்திரத்தில் தமிழ்நாடு கவனிக்க வேண்டிய சமாசாரம் ஒன்று கிடக்கிறது.

போகிற வழி

வேப்பனப்பள்ளி மூன்று ராஜ்யங்கள் முட்டிக் கொள்ளும் மூலை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஊர். கர்நாடகத்தில் பிறக்கும் மார்க்கண்டேய நதி இந்தப் பக்கமாகத்தான் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டும். அந்த நதியில் யார்கோள் என்ற இடத்தில் கர்நாடகம் அணை கட்டிய விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் வந்தது. தண்ணீருக்கு வழக்கு நடக்கும் எல்லையில், மற்ற 'தண்ணி'க்கு மட்டும் வழக்கு வாய்தா இல்லாமல் போக்குவரத்து நடப்பது பழைய கதை.

இங்கிருந்து ஓசூர், பெங்களூர் வழியாகவும் போகலாம். நெரிசலுக்குப் பயந்தவர்கள் கோலார், சிக்கபள்ளாப்பூர் வழியாகவும் போகலாம். இரண்டாவது வழிதான் கண்ணுக்குக் குளிர்ச்சி. வழியிலேயே திராட்சைப் பந்தல்கள் தென்படும். அது ஒயின் திராட்சை அல்ல. 'பெங்களூர் நீலம்' என்று சொல்லும் கறுநீலத் திராட்சை. தோல் தடிப்பு, உள்ளே வழுவழுப்பு, புளிப்பும் இனிப்பும் கலந்த ருசி, கிட்டத்தில் வைத்தாலே மூக்கைத் துளைக்கும் வாசனை. தள்ளுவண்டிகளில் தமிழர்கள் வாங்கித் தின்று கொட்டையைத் துப்புவதில் இதுவும் உண்டு. அமெரிக்கக் காட்டுத் திராட்சை வழியில் வந்த இனம். 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜாம், ஜூஸ், தித்திப்பான மலிவு ஒயின் எல்லாவற்றுக்கும் இது போகிறது. மேஜை போட்டு ருசி பார்க்கும் ஒயினுக்கு மட்டும் இது லாயக்கில்லை என்பது நிபுணர்கள் தீர்ப்பு. சொந்த மண்ணில் வேரூன்றிய பழத்துக்குப் பந்தியில் இடமில்லை!

பந்தியில் உட்கார்ந்தது பிரெஞ்சுக் கொடி. கன்வல் குரோவர் என்ற வியாபாரி தொழில் நிமித்தமாக அடிக்கடி பிரான்சுக்குப் போய் வந்தவர். அங்கே ஒயின் மேல் பிடித்த மோகத்தில், ஷாம்பேன் நாட்டு நிபுணர் ஜார்ஜ் வெஸல் என்பவரைக் கூட்டி வந்து, இந்தியாவில் எந்த மண் பிரெஞ்சுத் திராட்சைக்கு ஒத்துவரும் என்று தேடினார். தேடல் முடிந்த இடம் தொட்டபள்ளாப்பூர். 1988-ல் கொடி நட்டார்கள். 1992-ல் முதல் ஒயின் வெளிவந்தது. 1995 முதல் போர்தோ நாட்டு மிஷேல் ரோலான் ஆலோசனை சொல்ல வந்தார். மகாராஷ்டிரத்தில் நாசிக் ஒயின் ஊராகப் பேர் வாங்கியதெல்லாம் இதற்குப் பிந்திய கதை. ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா ஆலையின் முதல் ஒயின் வந்தது 2000-ல்.

நந்தி மலை உச்சி 1,478 மீட்டர் உயரம். பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் இரவில் குளிர் இறங்குகிறது. பழத்தில் புளிப்பு நிற்பதற்கு அந்தக் குளிர்தான் காரணம். ஆனால் ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் திராட்சைக் கொடி இலையை உதிர்த்து விட்டு மூன்று நான்கு மாதம் தூங்கிவிடும். இங்கே அதற்குத் தூக்கம் கிடையாது. அதனால் வருஷத்துக்கு இரண்டு கவாத்து. ஏப்ரல் வாக்கில் ஒன்று, செப்டம்பர் அக்டோபரில் ஒன்று. ஜனவரி தொடங்கி மார்ச்சு வரையில் அறுவடை. பிரெஞ்சுக் கொடியானாலும் இந்திய மண்ணுக்கு வந்தால் இந்தியக் கூலிக்காரனைப் போல ஓய்வில்லாமல் உழைக்க வேண்டியதுதான் போலும்!

மூக்கால் குடிப்பது

ஒரு கூட்டாளிக் கூட்டத்தை வைத்துக் கொள்வோம். பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பேர். மூன்று பேர் ஓசூர் ஆலைகளில் ஷிப்டு பார்ப்பவர்கள். ஒருவன் அப்பாவின் மாந்தோப்பைப் பார்த்துக் கொள்பவன். ஐந்தாமவன் கார் ஓட்டுபவன், குடிக்காதவன். அவனைப் பற்றிப் பிறகு.

ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் காட்டுவது எவர்சில்வர் தொட்டிகள். ஆள் உயரத்துக்கு மேலே, வரிசை வரிசையாக. பழத்தை நசுக்கிச் சாற்றை இதில் விடுகிறார்கள். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் பழத்திலுள்ள சர்க்கரையைத் தின்று, சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதும் இந்த ஜாதி விவகாரந்தான். பெரும்பாலான கறுப்புத் திராட்சையின் உள்சாற்றுக்கு நிறமே கிடையாது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தோலோடு சேர்த்து ஊறவிட்டால் சிவப்பு ஒயின். தோலை உடனே நீக்கி விட்டால் கறுப்புப் பழத்திலிருந்தும் வெள்ளை ஒயின் எடுக்கலாம். ஓக் மரப் பீப்பாயில் மாதக் கணக்கில் கிடந்தால் மரத்தின் வாசனையும் ஏறிக் கொள்கிறது.

அப்புறம் மேஜை. கிளாசில் ஊற்றுவது முப்பது மில்லி அளவுதான். "அவ்வளவுதானா?" என்று மாந்தோப்புக்காரன் எட்டிப் பார்க்கிறான். சொல்லித் தருபவர் அவசரப்படவில்லை. கிளாசைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு எதிரே நிறத்தைப் பார்க்கச் சொல்கிறார். காம்பைப் பிடித்து மெல்லச் சுழற்றச் சொல்கிறார். பிறகு மூக்கை உள்ளே விட்டு முகரச் சொல்கிறார்.

"என்னடா மச்சான், மூக்கால குடிக்கச் சொல்றாரு?"

சிரிப்பு. ஆனால் அவர் சொல்வது மெய்தான். ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. சளி பிடித்தவனுக்கு மீன் குழம்பும் வெந்நீரும் ஒன்றாக இருப்பது அதனால்தான்.

பிறகு ஒரு மிடறு. நாக்கின் மேல் பரவ விட வேண்டும். விழுங்கலாம், துப்பலாம். மேஜை மேல் இருக்கும் பாத்திரத்துக்குத் தமிழில் ஒரு பழைய பெயர் இருக்கிறது. தாத்தாக்கள் வெற்றிலை எச்சிலைத் துப்ப வைத்திருந்த படிக்கம்! அதையேதான் நுனி நாக்கு இங்கிலீஷில் வேறு பெயர் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

'பிளாக்பெர்ரி வாசனை வருகிறதா?' 'பிளம் வாசனை தெரிகிறதா?' என்று கேட்கிறார்கள். பிளாக்பெர்ரியை வேப்பனப்பள்ளியில் யார் கண்டார்கள்? பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டு தலையாட்டுகிறார்கள். இந்த இடத்தில்தான் ஏமாந்து போகக் கூடாது. சிவப்பு ஒயின் இறங்கியதும் நாக்கு ஒட்டிக் கொண்டு வறளுகிறதே, அது நாவற்பழம் தின்ற நாக்கு. கடுக்காயின் துவர்ப்பு தெரிந்தவனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 'கேபர்னே சோவின்யோன்' என்று வாயில் நுழையாத பெயருள்ள திராட்சையில் குடைமிளகாய் வாசனை வரும் என்கிறார்கள். ஓசூர்ப் பக்கத்தில் பசுமைக் குடிலுக்குள் குடைமிளகாய் பயிரிடுகிறவனுக்கா அதைச் சொல்லித் தர வேண்டும்? நாவல், இலந்தை, சீதாப்பழம், கொடுக்காப்புளி என்று சொந்த நாக்கில் சேர்ந்து கிடக்கும் சொத்தை வைத்து ருசி பார்த்தால் போதும். அந்நிய நாட்டுப் பழத்தின் பெயரை உருப்போட வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

அந்த நிபுணத்துவத்தின் லட்சணத்தையும் உலகம் ஒரு தடவை பார்த்திருக்கிறது. 1976 மே 24. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற இங்கிலீஷ்காரர் பாரிசில் ஒரு பரீட்சை வைத்தார். பிரான்சின் பேர் பெற்ற ஒயின்களும், அப்போது யாரும் மதிக்காத கலிபோர்னியா ஒயின்களும், பெயர் தெரியாமல் மறைத்து ஊற்றப்பட்டன. ருசி பார்த்து மார்க்குப் போட்டவர்கள் பிரெஞ்சு மேதாவிகள். முடிவைப் பார்த்தால் வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்கு! மேதாவிகளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. லேபிளை மறைத்து விட்டால் பெரிய வீட்டுப் பிள்ளையும் குடிசை வீட்டுப் பிள்ளையும் ஒன்றுதான். பெயருக்குக் கூழைக் கும்பிடு போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக் கொள்வது நல்லது. புது மண்ணிலும் நல்ல சரக்கு விளையும் என்று தைரியம் பிறந்ததும் அந்த நாளில்தான்.

பிறந்த இடத்தில் ஒரு சத்தியம்

இனி எல்லைக்கு இந்தப் பக்கம் வருவோம்.

இந்த வட்டாரத்துக்கும் மதுவுக்கும் உள்ள வழக்கு சாதாரணமானதல்ல. பாராமகால் என்று பெயர் பெற்ற கிருஷ்ணகிரிச் சீமை 1792 வரை திப்பு சுல்தான் கையில் இருந்தது. தன் ராஜ்யத்தில் மதுவை ஒழிக்க உத்தரவு போட்டவர் திப்பு. அவர் கோடையில் தங்கிய மாளிகை அதே நந்தி மலையில் இருக்கிறது. அதன் அடிவாரத்திலே இன்று ஒயின் பீப்பாய் உருளுகிறது!

திப்புவுக்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு கழித்து இன்னொருவர் வந்தார். ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளி என்ற சிற்றூரில் 1878 டிசம்பர் 10-ல் பிறந்தவர். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் உட்கார்ந்து, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் அவருக்கு உதவியாக இருந்தார். 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானதும் ராஜாஜி முதலில் மதுவிலக்குக் கொண்டு வந்த ஜில்லா சேலம். அந்த வருஷம் அக்டோபர் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்தது. கிருஷ்ணகிரியும் ஓசூரும் அப்போது சேலம் ஜில்லாவில்தான் இருந்தன. சர்க்காருக்குப் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. இன்று கடைத்தெருவில் ரசீதோடு வசூலாகும் வரிக்கெல்லாம் பாட்டன் அந்த வரிதான்.

1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-ல் அது தளர்ந்தது. அப்போது 92 வயது ராஜாஜி, வேண்டாம் என்று சொல்வதற்காக முதலமைச்சரின் வீடு தேடிப் போனார். பலன் இல்லை. 1974-ல் மறுபடி மதுவிலக்கு, 1981-ல் மறுபடி தளர்வு, 1983-ல் டாஸ்மாக், 1987-ல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை, 2003 முதல் சில்லறைக் கடையும் சர்க்கார் வசம். 2023-24-ல் இந்த இனத்தில் கிடைத்த வருமானம் 45,800 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவு பெரிய தொகையை ஊற்றிக் கொடுத்த சரக்கு எது, அது எங்கே விளைந்தது, அதை விளைவித்தவன் யார்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் ஏராளமாக விற்பனையாவது பிராந்தி. மேல்நாட்டில் பிராந்தி என்றால் திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்தது. இங்கே அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி, கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் சேர்த்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை காய்த்துக் குலுங்குகிறது. 2023-ல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று. தேனிப் பக்கத்தில் ஒயின் ஆலையும் இல்லாமல் இல்லை. ஆனாலும் மாலையில் கம்பிக்குப் பின்னால் கை நீட்டி வாங்கும் பிராந்திப் பாட்டிலுக்கும் எந்தத் தோட்டத்துக்கும் உறவு கிடையாது. ஊர் இல்லை, பருவம் இல்லை, வருஷம் இல்லை. தாய் தகப்பன் தெரியாத சரக்கு.

நந்தி அடிவாரத்தில் பாட்டிலின் மேலே திராட்சையின் பெயர் இருக்கிறது. பறித்த வருஷம் இருக்கிறது. இந்தப் பாத்தியில் விளைந்தது என்று கையைக் காட்டிச் சொல்ல ஆள் இருக்கிறது. கேள்வி கேட்டால் பதில் சொல்கிறார்கள். அளந்து ஊற்றுகிறார்கள். வேண்டாமென்றால் துப்பு என்று பாத்திரமும் வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் இதுதான். மது உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதல்ல விஷயம். அதற்குப் பொறுப்பேற்க ஒருவன் இருக்கிறானா என்பதே விஷயம்.

2007-ல் கர்நாடகம் செய்த காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். அந்த வருஷம் ஜூலை முதல் தேதியில் சாராய விற்பனைக்குத் தடை போட்டது. அதே 2007-ல் திராட்சை பதனிடவும் ஒயின் தயாரிக்கவும் தனிக் கொள்கை கொண்டு வந்தது. ஒயின் வாரியம் ஒன்றும் அமைந்தது. மகாராஷ்டிரம் 2001-லேயே அப்படி ஒரு கொள்கை வகுத்திருந்தது. ஏழையின் பாக்கெட் சாராயத்தை நிறுத்திவிட்டுப் பணக்காரன் கிளாசுக்கு வாரியம் வைத்தார்கள் என்று இதைக் குறை சொல்லலாம். குறையில் உண்மையும் இருக்கிறது. சாராயத்தை விட்டவனெல்லாம் திராட்சை ரசத்துக்குப் போகவில்லை. மலிவு விஸ்கிக்குத்தான் போனான். ஆனால் குடியானவனை உள்ளே இழுத்துப் போட்ட அந்த ஒரு யோசனையைக் குறை சொல்ல முடியாது.

மாந்தோப்புக்காரன் கேள்வி

ஆலையில் நாலாவது கிளாஸ் வரும்போது மாந்தோப்புக்காரன் ஒரு கேள்வி கேட்கிறான்: "மாம்பழத்துல இதைச் செய்ய முடியாதா?"

அவன் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர் போனது. மாங்கூழ் ஆலைகளை நம்பித்தான் பெங்களூரா ரகம் தோப்புத் தோப்பாக நிற்கிறது. 'கிளிமூக்கு' என்று சென்னையில் உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவி விற்பதும் இதைத்தான். 2025 ஜூனில் விளைச்சல் பெருகி விலை விழுந்தது. கிலோ ஐந்தாறு ரூபாய்க்குக்கூடக் கேட்பாரில்லை. அந்தச் சமயத்தில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் வெளி மாநிலத்து மாங்காய்க்குத் தடை போட்டார்கள். கர்நாடக முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். எல்லைச் சாவடியில் லாரிகள் நிற்க, உள்ளே பழம் கனிந்து கொண்டிருந்தது. கனிந்த பழம் கடிதப் போக்குவரத்து முடியும் வரையில் காத்திருக்குமா?

திராட்சைக்காரன் கதி மட்டும் வேறா என்றால் அதுவும் இல்லை. 2020-ல் ஊரடங்கு வந்தபோது சிக்கபள்ளாப்பூர்ப் பக்கத்தில் அறுவடைக் காலத் திராட்சை வாங்க ஆளில்லாமல் தவித்தார்கள். அழுகும் பொருளை விளைவிப்பவனுக்கு எங்கும் ஒரே தலைவிதிதான். ஒயின் என்பதே அந்தத் தலைவிதிக்கு ஆதியில் மனிதன் கண்டுபிடித்த மாற்று. ஒரு வாரத்தில் கெட்டுப் போகிற பழத்தைப் பத்து வருஷம் வைத்துக் கொள்ளும் தந்திரம்.

மாம்பழத்தில் செய்ய முடியுமா என்றால், முடியும். திருப்பதி வெங்கடேசுவரா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்திய மாம்பழ ரகங்களிலிருந்து ஒயின் தயாரித்துப் பார்த்து 2005-ல் கட்டுரையும் எழுதியிருக்கிறார்கள். அது சர்வரோக நிவாரணி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு பருவத்தில் கொட்டிக் கிடக்கும் லட்சக் கணக்கான டன் மாங்காயை ஒயினாக்கிக் குடித்துத் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது. காடி செய்யலாம், வற்றல் போடலாம், மாங்கூழுக்கு நியாய விலை கட்டலாம். ஆனால் சர்க்கார் எப்படியும் மது விற்பது என்று முடிவு செய்தாகிவிட்டது. அப்படியிருக்க, விற்கிற மதுவில் வேப்பனப்பள்ளிக் குடியானவனுக்கு ஒரு பைசாப் பங்குகூட இல்லாமல் இருப்பது என்ன நியாயம்?

விற்காமல் இருப்பதானால் ராஜாஜி காட்டிய வழி இருக்கிறது. அதில் கஷ்டம் உண்டு, நஷ்டம் உண்டு. ஆனால் நேர்மை உண்டு. விற்பதானால் விளைவிப்பவனுக்குப் பங்கு, குடிப்பவனுக்கு அளவு, சரக்குக்குப் பெயரும் ஊரும் என்று ஒரு வழி இருக்கிறது. இரண்டும் இல்லாமல் ஒரு மூன்றாவது வழியில் தமிழ்நாடு நடந்து கொண்டிருக்கிறது. அதுதான் மூன்றிலும் மோசம்.

பெண்கள் கேட்பார்கள்

வீட்டுப் பெண்கள் இதை ஒப்பமாட்டார்கள். "ஒயினோ ஒட்டகப் பாலோ, குடித்துவிட்டு வருகிறவன் குடிகாரன்தான்" என்பார்கள். ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் திறந்துவிட வேண்டியவள் அவள். அவள் சொல்வதற்கு எதிராக ஓக் மரப் பீப்பாயைக் காட்டி வாதாட முடியாது.

கணக்கையும் பார்த்து விடலாம். ஐந்து கிளாசு, ஆளுக்கு முப்பது மில்லி வீதம் 150 மில்லி. ஒயினில் சாராயச் சத்து 13 சதவிகிதம் என்றால், ஒரு சொட்டுத் துப்பாமல் குடித்தாலும் உடம்பில் இறங்குவது சுமார் 20 மில்லி. டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவிகிதம். ஒரே மூச்சில் இறங்குவது 77 மில்லி. ஏறக்குறைய நாலு மடங்கு! அதற்காக ஒயின் ஒன்றும் செய்யாது என்று சொல்வது சுத்தப் பொய். 750 மில்லி ஒயின் பாட்டிலை ஒருவனே காலி செய்தால் கிட்டத்தட்ட 98 மில்லி. குவார்ட்டரைத் தோற்கடித்து விடும். 'தினம் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் நெஞ்சுக்கு நல்லது' என்று முன்பு ஒரு பேச்சு அடிபட்டது. 2023 ஜனவரியில் உலக சுகாதார ஸ்தாபனம், ஆபத்தில்லாத அளவு என்று மதுவில் ஒன்று கிடையவே கிடையாது என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்து வைத்தது. காப்பாற்றுவது ஒயின் அல்ல, அந்த முப்பது மில்லி. அதற்கும் மேலே, அந்தப் படிக்கம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் செத்தார்கள். மெத்தனால் கலந்த சரக்கு. குடிக்கும் முன் அதை முகர்ந்து பார்க்க, நிறம் பார்க்க, எங்கே காய்ச்சியது என்று கேட்க அவர்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? கேட்டால்தான் பதில் சொல்ல அங்கே யார் இருந்தார்கள்?

ருசி பார்ப்பது தமிழனுக்குப் புதிது என்று நினைக்கவும் வேண்டாம். யவனர் கப்பலில் கொண்டு வந்த மதுவைச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த மது வந்த இரட்டைப் பிடிச் சாடிகளின் ஓடுகள் அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது கிடைத்தன. அதைவிட நெருங்கிய சாட்சி ஒருவர் இருக்கிறார். பக்கத்துத் தகடூரை ஆண்டவன் அதியமான். அவன் போரில் விழுந்தபோது ஒளவையார் அழுது பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அவன் வீரத்தைச் சொல்லி அந்தப் பாட்டு தொடங்கவில்லை. கிடைத்த கள்ளைத் தனியே குடியாமல் அவன் பகிர்ந்து கொண்ட பண்பைச் சொல்லித் தொடங்குகிறது. ஒருவன் செத்த பிறகு நினைக்கும்படியான குடி அது. கூட்டாளிகளோடு உட்கார்ந்தது, பங்கு போட்டது, பாட்டும் பேச்சும் கூட இருந்தது. சுவரோரம் நின்று அண்ணாந்து ஊற்றிக் கொண்டு, வாயைத் துடைத்தபடி ஓடுகிற குடி அல்ல.

திரும்புகிற வழி

ஐந்தாமவனுக்கு இப்போது வருவோம். மேஜையில் அவன் முன்னால் கிளாஸ் இல்லை. ஒரு தட்டில் திராட்சையும் தண்ணீரும் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் சுழற்றி முகர்ந்து கொண்டிருக்க, அவன் பாட்டுக்குப் பழத்தைத் தின்று கொண்டிருக்கிறான். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாத ஜெயில், அல்லது இரண்டும். சட்டத்தை விட்டுத் தள்ளினாலும், ஓசூர் நெடுஞ்சாலையில் இரவு நேரத்து லாரிகளைப் பார்த்தவனுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. இப்படிப்பட்ட பயணத்தில் மிக முக்கியமான ஆள் ஒயின் தெரிந்தவன் அல்ல. இந்த ஐந்தாமவன்தான். அவனுக்குப் பெட்ரோல் செலவில் பங்கு கேட்கிற கூட்டாளி கூட்டாளியே அல்ல.

ஆலை வாசலில் பாட்டில் விற்கிறார்கள். ஷிப்டுக்காரர்களில் ஒருவன் இரண்டு பாட்டிலை எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கிறான். ஐந்தாமவன் வேண்டாம் என்று தலையசைக்கிறான். வெளி மாநிலத்து மதுவை அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டு வருவது குற்றம். 1937-ல் ராஜாஜி போட்ட மதுவிலக்குச் சட்டம் பல திருத்தங்களோடு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மதுவை விற்றுக் கொண்டே மதுவிலக்குச் சட்டத்தையும் வைத்துக் கொண்டிருக்கிற சாமர்த்தியம் சாதாரணமானதல்ல. பாட்டில் அலமாரிக்குத் திரும்பிப் போகிறது.

கோலார் சாலையில் பந்தல் ஓரமாக ஒரு கிழவி பெங்களூர் நீலத்தைக் கூடையில் வைத்து விற்கிறாள். இரண்டு பெட்டி வாங்கிக் கொள்கிறார்கள். தமிழில் விலை கேட்க, தெலுங்கில் அவள் சொல்ல, கன்னடத்தில் பேரம் முடிகிறது. எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் டிக்கியைத் திறந்து பார்க்கிறார். கறுநீலப் பழத்தின் வாசனை குப்பென்று அடிக்கிறது. ஒரு கொத்தை எடுத்துக் கொண்டு போகச் சொல்கிறார்.

வேப்பனப்பள்ளி டீக்கடையில் வண்டி நிற்கும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் மூக்கைச் சுளித்துக் கொண்டு கேட்கிறார்:

"என்னடா, நல்லாக் குடிச்சுட்டு வர்றீங்களா?"

"இல்லீங்க தாத்தா," என்கிறான் மாந்தோப்புக்காரன். "நல்லாத் துப்பிட்டு வர்றோம்!"

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஐந்தாமவன் ஒரு கொத்துத் திராட்சையை அவர் கையில் வைக்கிறான். அவர் ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடி மெதுவாகச் சுவைத்து, கொட்டையைத் தெருவில் துப்புகிறார்.

"கோலார்ப் பழம்," என்கிறார். "மழைக்கு முந்திப் பறிச்சது."